“விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டாது”: பலகை சொல்வதும் சட்டம் சொல்வதும்

எமது கடைத்தெருவில் ஒரு தடவை நடந்து பாருங்கள். புடவைக் கடை, பாத்திரக் கடை, செருப்புக் கடை, மின்சாரப் பொருட்கள் விற்கும் கடை என எதனுள் நுழைந்தாலும் காசு வாங்குபவரின் தலைக்கு மேலே ஒரு சிறிய பலகை தொங்கும். “விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டாது.” சில கடைகளில் பலகை இல்லாவிட்டாலும் பற்றுச்சீட்டின் அடியில் அதே வசனம் சின்ன எழுத்தில் அச்சாகி இருக்கும். பொருட்கள் என்பது பன்மை, ஆகவே “பெறப்படமாட்டா” என்றுதான் முடிய வேண்டும் என்று எமது தமிழ் ஆசிரியை திருத்துவார். அந்தப் பலகையில் திருத்த வேண்டியது இலக்கணம் மட்டும் இல்லை என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுத எண்ணினேன்.

நான் உயர்தரத்தில் வணிகப் பிரிவில் கற்கிறேன். வணிகக் கல்விப் பாடத்தில் நுகர்வோர் பாதுகாப்பு என்று ஒரு பகுதி வரும். 1962 மார்ச் 15 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடி நுகர்வோரின் நான்கு உரிமைகளைத் தமது நாட்டுக் காங்கிரசுக்கு எடுத்துரைத்தார். அதனாலேயே மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமைகள் தினம். 1985 இல் ஐக்கிய நாடுகள் சபை வழிகாட்டல்களை ஏற்றுக்கொண்டது. இவற்றை நாம் மனனம் செய்து பரீட்சையில் எழுதி விடுகிறோம். ஆனால் வாங்கி ஐந்தாம் நாள் பழுதாகிப் போன ஒரு பொருளைப் பையில் போட்டுக்கொண்டு கடை வாசலில் நிற்கும்போது கென்னடி வந்து உதவுவதில்லை. அந்த இடத்தில் எமக்குத் தேவைப்படுவது எமது நாட்டுச் சட்டம்.

முதலில் ஒரு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நிறம் பிடிக்கவில்லை, ராத்தா வேறு ஒன்று வாங்கியிருக்கிறா, அடுத்த கடையில் நூறு ரூபாய் குறைவு. இவை மனம் மாறுதல். இப்படியான காரணத்துக்காகப் பொருளைத் திருப்பி எடுக்கும்படி கடைக்காரரைக் கட்டாயப்படுத்த எமக்கு உரிமை இல்லை. மாற்றித் தந்தால் அது அவருடைய நல்ல மனம், அல்லது வியாபாரத் தந்திரம். அந்த இடத்தில் பலகை சரியாகவே பேசுகிறது. பொருளில் குறை இருந்தால் கதை வேறு. தண்ணீர் ஒழுகும் பிளாஸ்க், முதல் கழுவலிலேயே சாயம் போகும் அபாயாத் துணி, அடி கழன்ற பாடசாலைச் சப்பாத்து, சூடாகாத ஸ்திரிக்கைப் பெட்டி என்பன குறையுள்ள பொருட்கள். இந்த இரண்டையும் பலகை ஒரே கயிற்றால் கட்டிப் போடுகிறது. நாமும் அதை வாசித்துவிட்டு “எழுதித்தானே இருக்கு” என்று திரும்பி வந்துவிடுகிறோம்.

குறையுள்ள பொருளைப் பற்றி எமது நாட்டுச் சட்டம் இன்று நேற்றுப் பேசத் தொடங்கவில்லை. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் ஆங்கிலேயர் காலத்தில், இங்கிலாந்தின் 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி ஆக்கப்பட்டது. நூற்றாண்டைத் தாண்டியும் நடைமுறையில் இருக்கிறது. யாரும் வாயால் சொல்லாவிட்டாலும் விற்பனை ஒவ்வொன்றினுள்ளும் சில நிபந்தனைகள் மறைந்திருக்கின்றன என்பதே அதன் சாரம். அவற்றை உட்கிடையான நிபந்தனைகள் என்பார்கள். விபரித்துச் சொல்லி விற்றால் பொருள் அந்த விபரத்துக்குப் பொருந்த வேண்டும். மாதிரியைக் காட்டி விற்றால் மாதிரியைப் போல இருக்க வேண்டும். “எனக்கு இன்ன வேலைக்கு ஒன்று வேண்டும்” என்று சொல்லி, கடைக்காரரின் அறிவை நம்பி வாங்கினால் பொருள் அந்த வேலைக்கு உதவ வேண்டும். அந்த வகைப் பொருட்களை விற்பவரிடம் வாங்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வாங்கும்போது பொருளைப் பரிசோதித்துப் பார்த்திருந்தால், அந்தப் பரிசோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறையைப் பிறகு காரணமாகக் காட்ட முடியாது. கோப்பையின் விளிம்பில் தெரியும் வெடிப்பைக் கடையில் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கிவந்து, மறுநாள் முறையிடுவது செல்லாது. இன்னொன்று: பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டால் நிராகரிக்கும் உரிமை போய்விடும், நட்டம் கேட்கும் உரிமை மட்டுமே மிஞ்சும். நியாயமான காலம் கடந்தும் ஒன்றும் சொல்லாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். எனவே குறை தெரிந்த நாளிலேயே பாவிப்பதை நிறுத்திக் கடைக்கு அறிவித்துவிட வேண்டும். “பெருநாள் முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்று பழுதான பொருளையே தட்டித் தட்டிப் பாவிப்பது எமக்குத்தான் பாதகம்.

அப்படியானால் பலகை எங்கே நிற்கிறது? இரு தரப்பும் வெளிப்படையாக உடன்பட்டால் இந்த உட்கிடையான நிபந்தனைகளை விலக்கிக்கொள்ளவும் கட்டளைச்சட்டம் இடம் தருகிறது. பலகையைத் தொங்கவிடுபவர்கள் இதையே நம்புகிறார்கள் போலும். ஆனால் உடன்பாடு என்பது காசு கைமாறும் முன்னர் இருவருக்கும் தெரிந்த ஒன்றாக இருக்க வேண்டும். காசு கொடுத்த பின் கைக்கு வரும் பற்றுச்சீட்டின் அடியில் இருக்கும் வசனத்துக்கு நான் எப்போது உடன்பட்டேன்? அத்துடன் பலகை “பழுதான பொருளை விற்போம், தெரிந்தே வாங்குங்கள்” என்று சொல்லவில்லை. அப்படி எழுதித் தொங்கவிட்டால் எந்தக் கடையிலும் வியாபாரம் நடக்காது.

கட்டளைச்சட்டத்தில் எமக்கு உள்ள பெரிய சிரமம், அதைக் கொண்டு நியாயம் பெற நீதிமன்றம் போக வேண்டும் என்பது. ஒன்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்காக யார் சட்டத்தரணியைத் தேடிப் போவார்கள்? இந்த இடைவெளியை நிரப்பவே பின்னைய சட்டங்கள் வந்தன. 1979 இல் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டம், 1987 இல் நியாயமான வர்த்தக ஆணைக்குழுச் சட்டம், அவ்விரண்டையும் நீக்கி 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். இன்று எமக்குக் கைகொடுப்பது இந்த மூன்றாவதுதான். பாவனையாளர் என்றாலும் நுகர்வோர் என்றாலும் ஒன்றே. பத்திரிகைகள் இரண்டு சொல்லையும் எழுதுவதால் இரண்டு வேறு சபைகள் என்று எண்ணிவிட வேண்டாம்.

அந்தச் சட்டத்தின் 13 ஆம் பிரிவைப் பெற்றோரும் மாணவிகளும் அறிந்து வைத்திருக்க வேண்டும் என்பேன். உற்பத்தியாளரோ வியாபாரியோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளைப் பற்றி அதிகாரசபை முறைப்பாட்டை ஏற்று விசாரிக்கலாம். அந்த உத்தரவாதம் அட்டையில் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும் என்றில்லை, உட்கிடையாகக் கொடுக்கப்பட்டதும் அடங்கும். விசாரணையின் பின்னர் நட்டஈடு செலுத்தும்படியோ, பொருளை மாற்றிக் கொடுக்கும்படியோ, செலுத்திய காசைத் திருப்பிக் கொடுக்கும்படியோ அதிகாரசபை உத்தரவிடலாம். பாராளுமன்றம் ஒரு சபைக்குக் கொடுத்த இந்த அதிகாரத்தை ஒரு கடைப் பலகையால் அழித்துவிட முடியாது. ஆனால் ஒரு காலக்கெடு உண்டு: பொருள் விற்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைக்காரர் “அடுத்த கிழமை வாங்க, அடுத்த மாசம் வாங்க” என்று சொல்லச் சொல்ல நாம் போய் வந்துகொண்டிருந்தால் மூன்று மாதம் கண் மூடித் திறக்கும் முன் போய்விடும். நாள் எண்ணத் தொடங்குவது பொருள் விற்கப்பட்ட திகதியிலிருந்து, பழுதான திகதியிலிருந்து எண்ணிவிட வேண்டாம்.

அடுத்தது 28 ஆம் பிரிவு. வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். திகதி, அளவு, விலை என்பன அதில் இருக்க வேண்டும். “கேட்டால்” என்ற சொல்லைக் கவனியுங்கள். எமது உம்மாமார் கேட்பதில்லை. தெரிந்த கடை, ஊர்க் கடை, “பில் கேட்டா என்ன நினைப்பாங்க” என்ற கூச்சம். கணினிப் பற்றுச்சீட்டு இல்லாத கடையில் கையால் எழுதித் தந்தாலும் போதும். கணினியில் வரும் பற்றுச்சீட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது வெப்பத்தால் அச்சாகும் தாள். அலுமாரிக்குள் சில மாதங்கள் கிடந்தால் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே கைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

இனி எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கடையின் பெயரும் பொருளின் பெயரும் தேவையில்லை.

உம்மா அயலவர்களோடு சீட்டுப் போடுகிறவ. அந்தச் சீட்டு விழுந்த காசில், நோன்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது 8,900 ரூபாய்க்கு ஒரு பிளெண்டர் வாங்கினா. நோன்பு காலத்தில் எங்கள் வீட்டில் அம்மியும் உரலும் படும் பாடு பெண் பிள்ளைகளுக்குத் தெரியும். ஐந்தாம் நாள் தேங்காய் அரைக்கும்போது கருகிய மணம் வந்து மோட்டர் நின்றுவிட்டது. அட்டையில் மோட்டருக்கு ஒரு வருட உத்தரவாதம் என்று இருந்தது. கடை முத்திரையும் திகதியும் இருந்தன. உம்மாவும் நானும் கொண்டுபோனோம்.

“வித்த சாமான் திருப்பி எடுக்கிற இல்ல ராத்தா, அங்க எழுதி இருக்குதானே” என்றார் கடைக்காரர்.

“கேரண்டி தந்திருக்கீங்கதானே காக்கா” என்றா உம்மா.

“அது கம்பனிக்காரன் தாறது. கொழும்புக்குக் கொண்டுபோய்க் குடுங்க, செஞ்சு தருவாங்க.”

கிழக்கிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போய்வரும் காசையும் நாளையும் கூட்டிப் பார்த்தால் பிளெண்டர் கதை அங்கேயே முடிந்துவிடும். கடைக்குள் வேறு ஆட்களும் நின்றார்கள். உம்மா ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டா. வீட்டுக்கு வந்ததும் உம்மும்மா, “பொம்புளைகள் கடைத்தெருவில நிண்டு வாயாடுறதா, போனது போகட்டும்” என்று சொன்னா. அந்தக் காசு உம்மா பத்து மாதம் சேர்த்த காசு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நோன்பு தொடங்கிய பிறகு மாமியின் பிளெண்டரை இரவல் வாங்கித்தான் வேலை நடந்தது.

நான் யோசித்தது இதுதான். கடையில் நின்று வாயாடத் தேவையில்லை. கடிதம் வாயாடாது. அத்துடன் சட்டமும் எழுத்தில் கொடுப்பதையே கேட்கிறது. ஆசிரியையிடம் கேட்டு, சட்டத்தின் அந்தப் பிரிவுகளை வாசித்து ஒரு கடிதம் எழுதினேன். உம்மா கையொப்பமிட்டா. மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அதை அப்படியே தருகிறேன்.

“மதிப்புக்குரிய உரிமையாளர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இம்மாதம் 3 ஆம் திகதி தங்கள் கடையில் 8,900 ரூபாய் செலுத்தி ஒரு பிளெண்டர் வாங்கினேன். பற்றுச்சீட்டின் பிரதியும் உத்தரவாத அட்டையின் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளன. 8 ஆம் திகதி தேங்காய் அரைக்கும்போது மோட்டர் கருகி நின்றுவிட்டது. அன்று முதல் அதனைப் பாவிக்கவில்லை. 9 ஆம் திகதி தங்களிடம் கொண்டுவந்து காட்டினேன். திருப்பி எடுக்க முடியாது என்று சொல்லப்பட்டது. வாங்கி ஐந்து நாட்களில் ஏற்பட்ட குறை என்பதால் வேறு புதிய பொருளை மாற்றித் தரும்படி, அல்லது பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பதினான்கு நாட்களுக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் கிடைக்காவிட்டால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிட வேண்டிவரும் என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன்.”

இவ்வளவுதான். கோபமான சொல் ஒன்றும் இல்லை. திகதிகள் எல்லாம் இருக்கின்றன. என்ன கேட்கிறோம் என்பது ஒரே வசனத்தில் இருக்கிறது. மூலப் பற்றுச்சீட்டைக் கொடுக்கவில்லை, பிரதியை மட்டுமே கொடுத்தோம். இது மிக முக்கியம். மூலத்தைக் கொடுத்துவிட்டால் பிறகு கையில் ஒன்றும் இருக்காது. கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, இரண்டாவதில் “பெற்றுக்கொண்டேன்” என்று கையொப்பம் வாங்கினோம். கையொப்பமிட மறுக்கும் கடையென்றால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் துண்டைப் பத்திரப்படுத்தலாம்.

கடைக்காரர் அதை இரண்டு தடவை வாசித்தார். “இத யாரு எழுதின?” என்று கேட்டார். உம்மா என்னைக் காட்டினா. அவர் சிரித்தாரா, கோபப்பட்டாரா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. பிளெண்டரை வாங்கி உள்ளே வைத்தார். பன்னிரண்டாம் நாள் அழைப்பு வந்தது. கொழும்பு முகவரிடமிருந்து மோட்டர் உள்ள அடிப்பகுதி புதிதாக வந்திருந்தது. மேலே உள்ள ஜார் எங்களுடைய பழையதே. நாங்கள் கேட்டது முழுப் பொருளை அல்லது காசை. கிடைத்தது பாதி மாற்றம். நோன்பும் பாதி முடிந்திருந்தது. அதிகாரசபைக்கு எழுதலாம் என்று நான் சொன்னேன். உம்மா, “போதும் மகள், வேலை செய்யுதுதானே” என்று முடித்துவிட்டா. பொருள் உம்மாவினுடையது, முடிவும் அவவினுடையது. ஆனாலும் ஐந்து நாளில் கருகிய பொருளுக்குப் பழுதுபார்த்தல் போதுமான பரிகாரம் என்று நான் இன்றும் ஏற்கவில்லை. ஒரு வருடம் ஓடிய பிறகு பழுதானால் திருத்தித் தருவது நியாயம். ஐந்து நாளில் போனதென்றால் அது வரும்போதே குறையோடு வந்திருக்க வேண்டும்.

கடைக்காரர் சொன்ன “அது கம்பனிக்காரன் தாறது” என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் காசு கொடுத்தது கடைக்கு. விற்பனை ஒப்பந்தம் கடையோடு. முகவரோ உற்பத்தியாளரோ தரும் அட்டை அதற்கு மேலதிகமான ஒன்று. 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் உற்பத்தியாளர், வியாபாரி இருவரையும் குறிப்பிடுகிறது. ஆகவே கடையை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போகும் பொறுப்பு எம்முடையது அன்று. கடைக்கும் முகவருக்கும் இடையிலான கணக்கை அவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இதை நான் வீட்டில் சொன்னபோது வாப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார். வாப்பாவுக்கும் ஒரு சிறிய கடை இருக்கிறது. பாத்திரம், பிளாஸ்டிக், பாடசாலைப் பொருட்கள் விற்கிறார். அங்கேயும் அந்தப் பலகை தொங்குகிறது. “மழை காலம் முழுக்கக் குடையப் பிடிச்சிட்டுக் கம்பி வளைஞ்சிருக்கெண்டு கொண்டு வாறாங்க. கலியாணத்துக்குப் போட்ட செருப்ப மறுநாள் பெரிசா இருக்கெண்டு தாறாங்க. அவங்களுக்கு நான் என்ன மகள் செய்ற?”

நியாயமான கேள்வி. வாங்குபவர் எல்லோரும் நேர்மையாளர் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாவித்துக் கெடுத்துவிட்டுக் குறை சொல்வதும் ஏமாற்றுத்தான். ஆனால் வாப்பா தொடர்ந்து சொன்ன கதையில் எனக்கு வேறொன்று தெரிந்தது. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடம் இரண்டு டசன் பிளாஸ்க் எடுத்திருக்கிறார். ஆறு பிளாஸ்க் சூட்டைப் பிடிக்கவில்லை. வாங்கிய மூன்று பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தெரிந்தவர்கள் என்பதால் வாப்பா மாற்றிக் கொடுத்தார். ஆறையும் கட்டிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனபோது அங்கே அதே பலகை! வாப்பா அந்த ஆறையும் கொண்டுவந்து கடையின் பின்பக்கம் போட்டிருக்கிறார். நட்டம் அவருடையதாகவே போயிற்று.

சிறிய கடைக்காரர் பலகை தொங்கவிடுவதற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது. அவரும் மேலே உள்ளவரிடம் வாங்குபவர்தான். 1896 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் “வாங்குபவர்” என்றே பேசுகிறது. வீட்டுக்கு வாங்குபவர், கடைக்கு வாங்குபவர் என்று அது பிரிப்பதில்லை. விற்கத்தக்க தரம் என்ற நிபந்தனை புறக்கோட்டை வியாபாரிக்கும் வாப்பாவுக்கும் இடையிலும் இருக்கிறது. வாப்பாவிடம் மொத்தக் கடைப் பற்றுச்சீட்டு இருந்தது. கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். “அந்தாளோட பதினஞ்சு வருசப் பழக்கம், கடனுக்கும் சாமான் தாறவர்” என்றார். சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு சுமை அது. கடனுக்குப் பொருள் எடுப்பவருக்கு முறைப்பாடு எழுதும் துணிவு இலேசில் வராது. இதற்கு என்னிடம் விடை இல்லை. பலகை இன்னும் எங்கள் கடையில் தொங்குகிறது. மின்சாரப் பொருட்களையும் பிளாஸ்க்குகளையும் மட்டும் வாப்பா இப்போது வாங்குபவரின் முன்னாலேயே போட்டுக் காட்டி, திகதி எழுதிக் கொடுக்கிறார். அதனால் “வரும்போதே உடைந்திருந்தது” என்ற வாக்குவாதம் பாதி குறைந்திருக்கிறது என்கிறார்.

எமது மார்க்கக் கல்வி வகுப்பில் கொடுக்கல் வாங்கல் பற்றிப் படிக்கும்போது இந்த விடயம் இன்னும் பழையது என்பதைக் கண்டேன். குறை தெரிந்தால் விற்பனையை முறித்துப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் தெரிவு வாங்குபவருக்கு உண்டு. பிக்ஹு நூல்கள் இதைக் குறைக்கான “கியார்” என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. பாலைக் கறக்காமல் மடியில் தேக்கி வைத்து, நிறையப் பால் தரும் பிராணி போலக் காட்டி விற்பதை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவருக்கு வைத்துக்கொள்ளவும், கறந்த பாலுக்குப் பதிலாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கவும் தெரிவு வழங்கினார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரத்தைக் கண்டு, அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என வியாபாரியிடம் கேட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. விற்பவர் அறிந்த குறையை மறைக்கக் கூடாது என்பது இதிலிருந்து தெளிவு.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இந்தத் தெரிவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. குறையைக் கண்டவுடன் தாமதியாமல் திருப்ப வேண்டும். குறை தெரிந்த பின்னும் பொருளைப் பாவித்துக்கொண்டிருந்தால் அந்த உரிமை போய்விடும். 1896 இல் ஆங்கிலேயர் எழுதிய சட்டம் “நியாயமான காலம்” என்று சொல்லும் இடமும் இதுவும் எவ்வளவு அருகில் வருகின்றன என்பதைப் பார்த்து நான் வியந்தேன். உம்மும்மாவிடம் இதை எடுத்துச் சொன்னேன். குறையுள்ளதைத் திருப்பிக் கொடுப்பது வாயாடுவதில் சேராது, மார்க்கமே தந்த உரிமை என்றதும், “அப்ப நீ கடிதம் எழுதினது சரிதான்” என்றா.

கடை செவிசாய்க்காவிட்டால் எங்கே போவது? பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மாவட்ட அலுவலகங்களிலும் முறைப்பாட்டைக் கையளிக்கலாம். தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடாமல் எழுத்திலும் கொடுத்துவிடுங்கள், மூன்று மாதக் கெடு எழுத்தைத்தான் கேட்கிறது. பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, கடைக்குக் கொடுத்த கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை இணைக்க வேண்டும். கடையின் முழு முகவரி வேண்டும். தமிழில் எழுதலாம், ஆங்கிலம் தெரியாதே என்று பின்வாங்கத் தேவையில்லை. கெடு கடந்துவிட்டாலும் அட்டையில் உள்ள உத்தரவாதம் ஒப்பந்தமாக நிற்கும். அப்படியான சிறிய பிணக்குகளைப் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

தையல் போன்ற சேவைகளுக்கும் இதே சட்டம் பொருந்தும். துணியைக் கொடுத்துத் தைத்த அபாயா உடம்புக்குப் பொருந்தாமல் வந்தால், உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட வேண்டும் என்ற உத்தரவாதம் அந்தச் சேவைக்கும் உண்டு.

இப்போது எமது வயதுப் பிள்ளைகள் அதிகம் வாங்குவது கைபேசியில் படம் பார்த்து. அங்கேதான் எனக்குப் பயம் கூட. பலகை தொங்கவிடக் கூட அங்கே ஒரு கடை இல்லை. படத்தில் ஒன்று, வருவது வேறொன்று. விபரித்து விற்ற பொருள் விபரத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற பழைய நிபந்தனை இதற்கும் அப்படியே பொருந்தும். ஆனால் முறைப்பாடு எழுத விற்பவரின் பெயரும் முகவரியும் வேண்டும். பல பக்கங்களில் ஒரு கைபேசி இலக்கம் மட்டுமே இருக்கும், அதுவும் நாளை மாறிவிடும். ஆகவே காசு அனுப்ப முன் முகவரியைக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காமல் விடுங்கள். விளம்பரப் படத்தையும் விலையையும் பேசிய செய்திகளையும் படம் பிடித்து வையுங்கள். பொதி வந்ததும் அதை வெட்டித் திறப்பதை, மேலே ஒட்டியிருக்கும் சீட்டு தெரியும்படி, தம்பியையோ தங்கையையோ கொண்டு ஒரே தொடர்ச்சியாகக் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். கொண்டுவந்து தருபவரிடம் காசு கொடுக்கும் முறையென்றால், அவர் நிற்கும்போதே திறந்து பார்க்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் விடமாட்டார்கள். அப்படியென்றால் பொதியின் சீட்டில் அனுப்பியவரின் முகவரி இருக்கிறதா என்பதைப் பார்த்து, அதையும் ஒரு படம் எடுத்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.